பச்சையப்பனுக்குக் கணக்கில் இடம் உண்டா?

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் நடுவில் எங்கேயாவது நான் கத்தினால் யாரும் திடுக்கிட வேண்டாம். ஆனால் ராணிப்பேட்டையிலிருந்து வந்த அந்தக் கடிதத்தைப் படித்தபோது முதலில் வந்தது கோபமில்லை, அரிப்பு. ஒரு கணக்கு கண்ணில் பட்டுவிட்டால் விடை தெரிகிற வரைக்கும் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். சோறு இறங்காது. என் மனைவி இதை வியாதி என்பாள்.

வருஷம் 1929. ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் நான் எடை ரைட்டர். பேர் இருதயராஜ். வண்டி வண்டியாய் வந்திறங்கும் உப்புத் தோலைத் தூக்குத் தராசில் மாட்டி, இத்தனை ராத்தல் என்று நோட்டில் எழுதுவது என் வேலை. பதினோரு வருஷமாக அதே தராசு, அதே நாற்றம், அதே நாற்காலி.

எங்கள் முதலாளியின் சம்பந்திக்கு ராணிப்பேட்டையில் ஒரு ஷாப்பு இருந்தது. இரண்டு ஷாப்பு ஆட்களுக்கும் வருஷா வருஷம் சித்திரையில் கயிறு இழுக்கும் போட்டி நடக்கும். இடம் காட்பாடி தாண்டிப் பாலாற்று மணல். ஆறு வருஷம் தொடர்ந்து தோற்று, ராணிப்பேட்டைக்காரர்களிடம் வாங்கிய கேலியெல்லாம் வாங்கி, ஏழாம் வருஷம் எங்கள் மேஸ்திரி கவுஸ் பாஷாவுக்கு ஒரு யோசனை வந்தது. சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்யும் பச்சையப்பனைக் கயிற்றின் கடைசியில் நிறுத்தினார். அவ்வளவுதான். எதிர்ப்பக்கத்து எட்டுப் பேரும் மணலில் குப்புற விழுந்து வாயில் மண்ணோடு எழுந்தார்கள்.

அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். அவர்களுடைய ரைட்டர் ரஃபி அகமது அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். ஒரு பக்கத்துக்கு வழக்கம்போல் எட்டுப் பேர். ஆனால் இந்த வருஷம் முதல் எட்டுப் பேருடைய சராசரி எடை நூற்றிருபது ராத்தலைத் தாண்டக் கூடாது. பொடியன்களைக் கொண்டுவந்து சராசரியைக் குறைக்கக் கூடாது என்பதற்காக, எவனும் நூறு ராத்தலுக்குக் குறையவும் கூடாது. எடை போடுவது பொதுவான தராசில், காட்பாடி ஸ்டேஷன் பார்சல் ஆபீஸில்.

நான் வாசித்து முடித்ததும் கவுஸ் பாஷா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"போச்சு. சராசரி நூத்தி இருபதுன்னுட்டான். நம்ம பச்சையப்பன் ரெண்டாளு எடை. அவன் எப்டி வருவான்?"

"வர முடியாதுதான் பாய்" என்றேன் நானும். அப்போது நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மத்தியானம் பச்சையப்பன் தராசடிக்கு வந்தான். கால் முட்டி வரை சுண்ணாம்பு வெள்ளை. வாசல் நிலையில் தோள் இடிக்காமல் இருக்க எப்போதும் பக்கவாட்டில்தான் நுழைவான்.

"ரைட்டரே, அந்தக் கடுதாசியில என் பேரு போட்டிருக்குதா?"

"பேரு போடல. உன்ன மனசுல வெச்சிதான் எழுதியிருக்கான்."

"எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க. நீ கணக்கு தெரிஞ்சவன். அந்தக் கணக்குல எனக்கு எடம் இருக்குதா இல்லியா, அத்த மட்டும் பாத்துச் சொல்லு. இல்லன்னா பரவால்ல."

பரவாயில்லை என்றான், ஆனால் அவன் முகம் அப்படிச் சொல்லவில்லை. இவனைச் சின்ன வயதிலிருந்தே யாரும் எதிலும் சேர்த்ததில்லை. சடுகுடு ஆட வந்தால் "யாருக்காச்சும் எலும்பு போய்டும், நீ உக்காரு" என்பார்கள். மாட்டு வண்டியில் ஏறப் போனால் வண்டிக்காரன் மாட்டைத் தட்டிவிட்டுப் போய்விடுவான். அவன் கல்யாணத்தில் மணமகன் உட்கார்ந்த பலகை இரண்டாய்ப் பிளந்ததை ஆம்பூரே இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. போன வருஷம் பாலாற்று மணலில்தான் முதல் தடவையாக எட்டுப் பேரில் ஒருவன் என்று அவனை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு ஒரு மாசம் அவன் தலை நிமிர்ந்து நடந்ததை நானே பார்த்தேன்.

"பாக்கறேன் போ" என்று சிடுசிடுத்தேன். மனசு இளகினால் எனக்குச் சிடுசிடுப்புதான் வெளியே வரும்.

விடை கிடைத்தது ஒரு தோல் கட்டுக்குள். மறுநாள் வாணியம்பாடியிலிருந்து ஒரு தரகன் அனுப்பிய கட்டு வந்தது. மேலே சீட்டு: பத்துத் தோல், சராசரி எட்டு ராத்தல், ஆறுக்குக் குறைந்தது எதுவும் இல்லை. பிரித்தால் ஒன்பது தோலும் சோனி. பத்தாவதாக ஒரு கிழட்டுக் காளையின் தோல், இருபது ராத்தலுக்கு மேல். 'அடப்பாவி, ஏமாத்திட்டான்' என்று கத்த வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. அவன் எங்கே ஏமாற்றினான்? மொத்தம் எண்பதுதான். ஒன்பது தோலும் ஆறு ஆறாக இருந்தால் ஐம்பத்து நாலு போய்விடும், மீதி இருபத்தாறு வரைக்கும் ஒரே தோல் இருக்கலாம். சீட்டில் எழுதிய ஒரு வார்த்தையும் பொய்யில்லை. சராசரி எட்டு என்றால் எல்லாம் எட்டு எட்டாக இருக்கும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம்.

கையில் இருந்த கொக்கியைப் போட்டுவிட்டு நோட்டைத் திருப்பினேன். எட்டுப் பேர், சராசரி நூற்றிருபது, ஆக மொத்தம் தொள்ளாயிரத்து அறுபது. ஒருத்தன் எவ்வளவு கனமாக இருக்கலாம் என்று தெரிய வேண்டுமானால், மற்ற ஏழு பேரையும் எவ்வளவு லேசாக வைக்கலாமோ அவ்வளவு லேசாக வைக்க வேண்டும். நூறுக்குக் கீழே போக முடியாது. ஏழு நூறு எழுநூறு. மீதி? இருநூற்று அறுபது! இந்தச் சட்டத்துக்குள் இருநூற்று அறுபது ராத்தல் மனுஷன் ஒருத்தன் கால்மேல் கால் போட்டு உட்காரலாம். ரஃபி அகமது கதவைச் சாத்தினார், ஆனால் யானை போகிற அளவுக்கு இடைவெளி விட்டுச் சாத்தியிருந்தார்.

எனக்குத் தாங்கவில்லை. ஓடிப்போய்க் கவுஸ் பாஷாவிடம் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. இரண்டாம் தடவை சொன்னேன். மூன்றாம் தடவை கத்தினேன்.

"அரே, இன்னாத்துக்குக் கத்தறே? மெதுவா சொல்லு" என்றார் அவர்.

"பாய், எட்டுப் பேரு ஒரே தட்டுல சாப்பிடறோம்னு வெச்சிக்க. சோறு இவ்ளோதான். ஏழு பேரு ரெண்டு வாயோட கைய எடுத்துட்டா?"

"எட்டாவது ஆளுக்கு ஜாஸ்தி."

"அதுதான் பாய்! அந்த எட்டாவது ஆளு பச்சையப்பன். நமக்கு வேண்டியது ஏழு ஒல்லிப்பிச்சான்."

 அவர் தொடையில் தட்டிச் சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தொட்டிக்காரர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

அந்த வாரம் முழுக்க எங்கள் ஷாப்பில் ஒரே கூத்து. தூக்குத் தராசின் கொக்கியில் ஒரு பலகையைக் கட்டி, ஒவ்வொரு ஆளாக உட்கார வைத்து எடை பார்த்தேன். வீட்டில் "உடம்பைத் தேத்து, உடம்பைத் தேத்து" என்று திட்டு வாங்கிக்கொண்டிருந்த சோனிகளெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்கள். தொந்தி வைத்தவர்கள் ஓரமாக நின்று பொருமினார்கள். பச்சையப்பனை உட்கார வைத்தபோது உத்திரம் முனகியது. இருநூற்றுப் பதினாலு என்று நோட்டில் எழுதினேன். மீதி ஏழு பேருக்கும் சேர்த்து எழுநூற்று நாற்பத்தாறுதான் கையில். ஆளுக்கு நூற்றாறரை.

ஒல்லியாகவும் இருக்க வேண்டும், கையில் வலுவும் இருக்க வேண்டும். ஈரத் தோலைப் பிழிகிற ஷபீ அஹமது கிடைத்தான், நூற்றாறு. இன்னும் நாலு பேர் நூற்றிரண்டிலிருந்து நூற்று நாலுக்குள். தாளம் சொல்லி இழுக்க வைக்க கவுஸ் பாஷா இல்லாமல் முடியாது, அவர் நூற்றுப் பதினொன்று. ஆவாரம் பட்டை வெட்டுகிற காசிநாதன் இரும்புக் கம்பி மாதிரி இருப்பான். அவனைத்தான் முதலில் நினைத்திருந்தேன். தராசில் தொண்ணூற்றொன்பது வந்தது.

"ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டு வர்றேன் ரைட்டரே, நூறு ஆய்டும்" என்றான்.

"போட்டி அன்னிக்கு வேர்த்து ஒரு ராத்தல் கொறஞ்சா எட்டுப் பேரும் வெளியில. வேணாம் போ."

"ஒரு ராத்தலுக்காடா இந்தப் பேஜாரு?" என்று முனகிக்கொண்டே போனான். அதற்கப்புறம் பத்து நாள் என்னோடு பேசவில்லை.

ஏழு பேர் ஆகிவிட்டது. எட்டாவது ஆளுக்கு மீதி இருந்தது நூற்றுப் பதினாறு ராத்தல். நானும் அந்தப் பலகையில் உட்கார்ந்தேன். சரியாக நூற்றுப் பதினாறு! மொத்தம் 960, ஒரு ராத்தல் கூட இல்லை, ஒரு ராத்தல் குறைவும் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் கணக்கே என்னைக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. இன்னும் ஒல்லியாக ஒருத்தனைத் தேடியிருக்கலாம். தேடவில்லை. பதினோரு வருஷம் நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு ஒரு நாள் கயிறு பிடிக்க ஆசை இருக்காதா? என் மனைவியின் பிறந்த வீடு காட்பாடி. என் மச்சானுக்கு என்னைப் பற்றி ரொம்ப இளப்பம், "பேனா பிடிக்கிற கை" என்பான். போட்டியைப் பார்க்க வரச் சொல்லி அவனுக்குக் கடிதாசி போட்டேன். நானும் இழுக்கிறேன் என்று அடியில் கோடு போட்டு எழுதினேன்.

பச்சையப்பனிடம் நானே போய்ச் சொன்னேன். "எடம் இருக்குது. எவனும் உன்னத் தள்ள முடியாது."

அவன் தொட்டிக்குள் நின்றுகொண்டே சிரித்தான். அவன் மனைவி மரியம்மாள் பக்கத்தில் தோல் உலர்த்திக்கொண்டிருந்தாள். "நெசமாவா அண்ணே? கணக்குல வந்துச்சா?" என்று கேட்டு, அன்று சாயந்திரம் எங்கள் வீட்டுக்கு ஒரு கூடை மாங்காய் கொண்டுவந்து வைத்தாள்.

போட்டி நாளில் விடிகாலை ரயிலில் முப்பது பேர் கிளம்பினோம். இழுக்க எட்டுப் பேர், மீதி கத்த வந்தவர்கள். மரியம்மாளும் வந்தாள். காசிநாதனும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தண்ணீர்க் குடம் சுமந்து வந்தான். காட்பாடியில் இறங்கினபோதே வெயில் சுள்ளென்று அடித்தது. பிளாட்பாரத்தில் என் மச்சான் தன் கூட்டாளிகள் நாலு பேரோடு நின்றான். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

பார்சல் ஆபீஸில் முதலில் ராணிப்பேட்டைக்காரர்கள் ஏறினார்கள். எல்லாரும் நூற்றிருபதை ஒட்டி ஒட்டித்தான் இருந்தார்கள். மொத்தம் 958. அடுத்தது நாங்கள். பச்சையப்பன் பக்கவாட்டில் நுழைவதைப் பார்த்ததும் ரஃபி அகமது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இவருமா? எப்படிங்க?"

"கூட்டிப் பாருங்க, தெரியும்" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்வதற்காகவே பத்து நாள் காத்திருந்தேன்.

கவுஸ் பாஷா ஏறினார். "நூத்திப் பதிமூணு" என்றார் பார்சல் குமாஸ்தா. என் நோட்டில் நூற்றுப் பதினொன்று. காலையில் ரயிலில் வயிறு முட்டத் தின்றார், அதுதான் என்று நினைத்தேன். ஷபீ அஹமது நூற்றெட்டு. என் நோட்டில் நூற்றாறு. அவன் ஒன்றும் தின்னவில்லையே? அடுத்தவன், அதற்கடுத்தவன்.  நான் ஏறினேன், நூற்றுப் பதினெட்டு. கடைசியில் பச்சையப்பன், இருநூற்றுப் பதினாறு. ரஃபி அகமது நிதானமாகக் கூட்டினார்.

"தொள்ளாயிரத்து எழுபத்தாறு. சராசரி நூத்தி இருபத்திரண்டு."

கோபம் வரும் என்று சொன்னேன் அல்லவா, இப்போது வந்தது. "இது தராசா, தகரமா? ரயில்வே தராசைப் பத்தி ஊருக்கே தெரியும்!" என்று பார்சல் குமாஸ்தாவின் மேசையில் அடித்தேன். அவர் பாவம். ஐம்பத்தாறு ராத்தல் இரும்புக் கல் இரண்டை உருட்டிவந்து தராசில் வைத்தார். முள் நூற்றுப் பன்னிரண்டில் ஆடாமல் நின்றது.

 கோபம் போய் அரிப்பு தொடங்கிவிட்டது. இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 113, 111. 108, 106. 118, 116. எல்லாருக்கும் இரண்டு இரண்டு. பச்சையப்பனுக்கும் அதே இரண்டுதான். இது எப்படி? பலகையைக் கட்டினதும் முள்ளைச் சுழியில் நிறுத்தித்தான் ஆளை ஏற்றினேன். அப்புறமும் என் ஷாப்புத் தராசு தப்பாக இருந்தால் கனமான ஆளுக்குத் தப்பும் கனமாக அல்லவா இருக்க வேண்டும்? நூறு ராத்தல்காரனுக்கு இரண்டு என்றால் பச்சையப்பனுக்கு நாலு. எட்டுப் பேருக்கும் ஒரே அளவாக இரண்டு என்றால் அது தராசு செய்த வேலை இல்லை. பின்னே யார் செய்தது?

கை செய்தது. என் கை. உப்புத் தோல் வரும்போது ஒவ்வொரு தோலுக்கும் உப்புக்கென்று இரண்டு ராத்தல் கழித்து எழுதுவது ஷாப்பு வழக்கம். முள்ளைப் பார்ப்பேன், இரண்டைக் கழிப்பேன், எழுதுவேன். பதினோரு வருஷமாக அப்படி எழுதின கை, பலகையில் உட்கார்ந்திருப்பது மனுஷன் என்று யோசிக்கவே இல்லை. கவுஸ் பாஷாவுக்கும் உப்பு கழித்தேன், எனக்கும் உப்பு கழித்தேன்.

"பாய்" என்றேன். "தப்பு என்னுது. எல்லாருக்கும் உப்புக் கழிவு போட்டுட்டேன்."

கவுஸ் பாஷாவுக்கு இந்தத் தடவை உடனே புரிந்தது. "யா அல்லா! நாங்க இன்னா தோலாடா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் என்னைத் திட்டினார்கள்.

ரஃபி அகமது நல்ல மனுஷர். "அரை மணி நேரம் தர்றோம். ஒரே ஒரு ஆளை மாத்திக்கலாம்" என்றார்.

"மாத்தறதுக்கு இன்னா இருக்குது? பச்சையப்பன் நின்னுக்கட்டும், வேற எவனாச்சும் வரட்டும். அத்தோட எல்லாம் சரியாய்டும்" என்றார் கவுஸ் பாஷா. அவர் சொன்னதில் தப்பில்லை. வேறு யார் வந்தாலும் சராசரி நன்றாக இறங்கிவிடும். எல்லாரும் தலையாட்டினார்கள்.

பச்சையப்பன் இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்த துண்டை அவிழ்க்க ஆரம்பித்தான். "சரி ரைட்டரே. எடம் இல்லன்னா இல்ல. நீ இன்னா பண்ணுவே" என்றான்.

மரியம்மாள்தான் விடவில்லை. நேராக என் எதிரே வந்து நின்றாள். "நேத்து வரைக்கும் இருந்த எடம் இன்னிக்கு எங்கண்ணே போச்சு? நீங்கதான சொன்னீங்க, எவனும் தள்ள முடியாதுன்னு?"

"இரும்மா, பாக்கறேன்" என்றேன். ஸ்டேஷன் சுவரில் கரித்துண்டால் எழுதினேன். பதினாறு ராத்தல் அதிகம். பச்சையப்பனை அப்படியே வைத்துக்கொண்டு வேறு ஒருத்தனை வெளியே எடுத்து, ஒல்லியான ஒருத்தனைப் போட வேண்டும். போகிறவனுக்கும் வருகிறவனுக்கும் வித்தியாசம் பதினாறாவது இருக்க வேண்டும். வருகிறவன் எவ்வளவு ஒல்லியாக இருந்தாலும் நூறுக்குக் கீழே இருக்க முடியாது. அப்படியானால் போகிறவன் நூற்றுப் பதினாறுக்குக் குறையாமல் இருந்தே ஆக வேண்டும். பட்டியலைப் பார்த்தேன். கவுஸ் பாஷா 113, போதாது. ஷபீ அஹமது 108, போதாது. மற்ற நாலு பேரும் அதற்கும் கீழே. நூற்றுப் பதினாறுக்கு மேலே ஒரே ஒருத்தன்தான் இருந்தான். 118. அந்த எண்ணுக்கு நேரே என் பேர்.

 உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அப்போது என் மனசு யோக்கியமாக நடந்துகொள்ளவில்லை. அங்கே நின்ற முப்பது பேரில் இந்தக் கணக்கு வேறு யாருக்கும் வராது. 'முடியாதும்மா, பாத்துட்டேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நான் கயிறு பிடிக்கலாம். மச்சான் பார்ப்பான். ரஃபி அகமது கூட நம்பிவிடுவார். திரும்பிப் பார்த்தேன். பச்சையப்பன் அவிழ்த்த துண்டை நாலாக மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தான். எனக்கு என்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

"அந்தத் துண்டைக் கட்டுடா!" என்று கத்தினேன். "போறது நீ இல்ல. நான்."

"இன்னாது?" என்றார் கவுஸ் பாஷா.

"நான் போனாத்தான் கணக்கு நிக்கும் பாய். வேற எவன் போனாலும் நிக்காது. நூறுலருந்து நூத்திரண்டுக்குள்ள ஒரு ஆளு வேணும். அதுக்கு மேல ஒரு ராத்தல்கூட ஆகாது." சொல்லும்போதே மண்டையில் உறைத்தது. நான் தொண்ணூற்றொன்பது என்று விரட்டினவனுக்கும் உப்புக் கழித்துத்தானே எழுதினேன்? "காசிநாதா! கொடத்த எறக்கு. தராசுல ஏறு."

காசிநாதன் என்னை முறைத்துக்கொண்டே ஏறினான். நூற்றொன்று. ரஃபி அகமது கூட்டினார்: தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது. இன்னொரு தரம் கூட்டினார். அப்புறம் என் நோட்டை வாங்கி, இருநூற்று அறுபது என்று நான் வட்டம் போட்டிருந்த இடத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "நான் இப்டி நெனைச்சே பாக்கலைங்க" என்று மெதுவாகச் சொன்னார்.

மச்சான் சும்மா இருப்பானா? "இன்னா மச்சான், கயிறு இழுக்கறேன்னு கோடு போட்டு எழுதினே? இப்போ கொடம் தூக்கறியா?" என்றான். அவன் கூட்டாளிகள் கெக்கெக்கே என்றார்கள். ஆமாம், காசிநாதன் இறக்கி வைத்த குடம் இப்போது என் இடுப்பில்தான் இருந்தது. அழுகை வருகிற மாதிரி இருந்தது. என் வாழ்க்கையில் நான் பதில் சொல்லாமல் விட்ட ஒரே கேலி அதுதான்.

மணலில் கயிறு கிடந்தது, மூன்று இழுப்பில் இரண்டு ஜெயித்தாக வேண்டும். முதல் இழுப்பில் நாங்கள் தோற்றோம். முன்னால் நின்ற எங்கள் சோனிகளுக்குக் கால் நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டே போனார்கள். பச்சையப்பன் ஒருத்தனாக எத்தனை நேரம் தாங்குவான்? இரண்டாம் இழுப்புக்கு முன் கவுஸ் பாஷா எல்லாரையும் முழங்கால் வரை மணலைத் தோண்டி நிற்கச் சொன்னார். "இழுக்காதீங்க, சும்மா தொங்குங்க. நான் சொல்றப்போ மட்டும் பின்னால சாய்ங்க" என்றார். ஏழு பேரும் தொங்கினார்கள். ராணிப்பேட்டைக்காரர்கள் இழுத்து இழுத்து மூச்சு வாங்கினபோது "ஹுப்!" என்றார். பச்சையப்பன் அப்படியே பின்னால் சாய்ந்தான். கயிறு எங்கள் பக்கம் வந்தது. மூன்றாவதும் அதே மாதிரிதான், ஆனால் அதற்கு ரொம்ப நேரம் ஆனது. காசிநாதனின் கை தோல் உரிந்து கயிறு சிவந்தது. நான் குடத்தைப் போட்டுவிட்டுக் கோட்டோரமாக ஓடிக்கொண்டே "சாயுடா! சாயுடா!" என்று கத்தினேன். தொண்டை கட்டி, மூன்று நாள் கம்மல் போகவில்லை.

ஜெயித்தோம்.

ஜெயித்தவர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வரை போவது வழக்கம். ராணிப்பேட்டைக்காரர்கள் ஆறு வருஷம் அப்படித்தான் போனார்கள். போன வருஷம் நாங்கள் ஜெயித்தபோது கவுஸ் பாஷாவைத் தூக்கினோம். பச்சையப்பனைத் தூக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தூக்க முடியாது என்றே எல்லாரும் முடிவு செய்திருந்தோம். கவுஸ் பாஷாவைத் தூக்க இந்த வருஷமும் ஆட்கள் கூடினார்கள். பச்சையப்பன் ஒரு ஓரமாக நின்று கை தட்டிக்கொண்டிருந்தான்.

"அவர விடு, இவனத் தூக்கு" என்றேன் கம்மின குரலில்.

"வேணாம் ரைட்டரே!" என்று பச்சையப்பன் பின்னால் நகர்ந்தான். "யார் இடுப்பாச்சும் ஒடஞ்சிடும். சொன்னா கேளு."

"எவ்ளோடா பெரிய எடை? இருநூத்திப் பதினாறு. இதோ அவங்க ஏழு பேரு, நான் ஒருத்தன், எட்டுப் பேரு. சராசரி இருபத்தேழு ராத்தல். ஒண்ணரைக் காளைத் தோல் எடைகூட இல்ல. வா!"

எட்டுப் பேரும் குனிந்தோம். கால் பக்கம் ஷபீ அஹமது, தலைப் பக்கம் கவுஸ் பாஷா. நான் போய் மாட்டிக்கொண்ட இடம் இடுப்பு. "ஹுப்!" என்று எழுந்தோம். கால்காரர்களுக்குப் பத்து ராத்தல் வந்திருக்குமோ என்னவோ, அவர்கள் சிரித்துக்கொண்டே நடந்தார்கள். என் தோளில் இறங்கியது இருபத்தேழு இல்லை. எழுபதாவது இருக்கும். கண்ணில் பூச்சி பறந்தது. ஒரு மகா கணக்குப் புலி, சராசரியை நம்பி இடுப்புப் பக்கம் போய் நிற்பானா?

"கனமா இருக்குதா ரைட்டரே?" என்று மேலிருந்து கேட்டான்.

"லேசா இருக்குதுடா. பேசாம படு."

 மரியம்மாள் பக்கத்தில் நடந்துவந்தாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. அப்புறம் பச்சையப்பன் சொன்னான், எங்கள் எட்டுப் பேருக்கும் கேட்கிற மாதிரி, ஆனால் வானத்தைப் பார்த்து:

"எங்கம்மா எறக்கி வுட்டதுக்கு அப்புறம் என்ன யாரும் தூக்கனதே இல்ல."

ஸ்டேஷன் இன்னும் முக்கால் மைல் இருந்தது. கவுஸ் பாஷா தோள் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.